பாவம், தலையாரி

அளவு உதைத்தது. காலையிலிருந்து மூன்று முறை சங்கிலி இழுத்துப் பார்த்தாயிற்று. மூன்று முறையும் அறுபது லிங்க், அதாவது நாற்பது அடி உதைத்தது.

சின்னமடுகுக்கும் கொத்தகுப்பத்துக்கும் நடுவே இருந்த அந்த மேட்டுக்காட்டில் அதுவரை ஆட்டுக்குட்டி கூட எல்லை பார்த்து மேய்ந்ததில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து ஆறேழு வருஷமாக இழுத்துக்கொண்டே கிடந்த எல்லை வழக்கு ஒருவழியாகத் தீர்ந்து, சின்னமடுகு சென்னை ராஜ்ஜியத்துக்கு என்றும் கொத்தகுப்பம் ஆந்திராவிலேயே என்றும் முடிவாகியிருந்தது. ஏப்ரல் முதல் தேதி பிறந்தால் அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் ஒரு சர்க்கார். அதற்குள் கல் நட்டு சிமெண்டு போட்டு முடிக்க வேண்டும் என்று மாசி மாத வெயிலில் இரண்டு பக்கத்து சர்வேயர்களும் வந்து நின்றார்கள்.

சென்னைப் பக்கத்து சர்வேயர் கோவர்த்தனன், குடையை மடக்காமலே வரைபடத்தைப் பிரித்தார். "மேப்புல கெணறு கொத்தகுப்பத்துல இருக்கு. தரையில சின்னமடுகுல இருக்கு. எப்படிங்க?"

ஆந்திரப் பக்கத்து நாகபூஷணம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "உங்க ஊர்க் கல்லு நடந்து வந்துட்ச்சு சார். பாரம் தாங்காம."

"கல்லு நடக்குமா சார்?" என்று குறுக்கே புகுந்தார் உமாபதி. சின்னமடுகில் பாதி நிலம் அவருடையது. அந்தக் கிணறும் இப்போது அவருடையதுதான். "எங்க ஊர்ல மனுசனே நடக்கிறது இல்ல, எல்லாம் சைக்கிளு. அது வெள்ளைக்காரன் நட்ட கல்லு. சந்தேகம்னா தலையாரிய கேளுங்க. கல்லு காட்டுறது அவன் வேலை."

இப்படிச் சொல்லிவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் மாட்டைப் பின்னுக்கு நகர்த்த ஓட்டுகிறவன் எழுப்புவானே, அந்தச் சத்தம்.

பின்னால் நின்ற தலையாரியின் கால் தானாக ஒரு அடி முன்னே வந்தது.

அவருக்கு இரண்டு பெயர். பிறந்தபோது வைத்தது கிருஷ்ணப்பா. எட்டு வருஷத்துக்கு முன்பு ஜெபவீட்டில் ஞானஸ்நானம் பெற்றபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்திருந்த உபதேசியார் ஜெபமணி, தன் ஊர் வழக்கப்படி ஏசடியான் என்று பெயர் வைத்தார். ஏசுவுக்கு அடியான். சின்னமடுகில் யாரும் கேட்டறியாத பெயர். உமாபதிதான் முதலில் பிரித்துப் பொருள் சொன்னார்: "ஏசவும் அடிக்கவும் ஆனவன்டா நீ. பொருத்தமாத்தான் வெச்சிருக்கான்." ஊர் சிரித்தது. அன்று ஏசடியானும் சேர்ந்து சிரித்தார். உமாபதி சிரித்தால் அவரும் சிரித்துதான் ஆகவேண்டும். அதற்குக் காரணம் அந்தக் கல்.

அது நாற்பத்து நாலாம் வருஷம். மழை பொய்த்து, கேழ்வரகுக்கு ஊரே பறந்த காலம். கொத்தகுப்பத்து எல்லையில், அந்த ஊர்ச் சந்திரம்மா என்பவளின் புருஷன் தன் கையாலேயே வெட்டின கிணறு ஒன்று மட்டும் வற்றவில்லை. அந்த மனுஷன் காய்ச்சலில் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், உமாபதி அப்போது இருபத்திரண்டு வயதுத் தலையாரியாக இருந்த கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டார். வீட்டில் ரத்னம்மா நிறைமாதம். அடுப்பு மூட்டி மூன்று நாள். இரண்டு மூட்டை கேழ்வரகு வீட்டுக்கு வந்தது, எல்லைக்கல் நாற்பது அடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. கிணறு உமாபதியின் நிலத்துக்குள் வந்துவிட்டது.

சந்திரம்மா சும்மா இருக்கவில்லை. தாலுகா வரை அழுதுகொண்டே போனாள். விசாரிக்க வந்த அதிகாரி, "கல்லு இதுதானா?" என்று தலையாரியைக் கேட்டார். "இதுதான் சாமி. எங்க நைனா காலத்துலேர்ந்து இதுதான்," என்று சொல்லி கிருஷ்ணப்பா காகிதத்தில் பெருவிரலை அழுத்தினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சந்திரம்மாவின் நிலம் வானம் பார்த்த பூமி. அவள் அரை மைல் தள்ளி ஓடைக்குப் போய் இடுப்பிலும் தலையிலும் தண்ணீர் சுமந்து நாலு கத்திரிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் குடத்தோடு போகும்போதெல்லாம் நடவில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பாவம்!" என்பார்கள்.

இரக்கப்பட்டுச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் ஞானஸ்நானம் பெற்ற பிறகு ஏசடியானின் காதில் அது வேறாக விழத் தொடங்கியது. ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் எல்லாரும் எழுந்து நின்று, "நான் பாவி" என்று ஒரே மூச்சாகச் சொல்வார்கள். அவரும் சொல்வார். எந்தப் பாவம் என்று அங்கே எவரும் கேட்டதில்லை. நடவு வயலில் மட்டும், அவரைக் குறிக்காமலே, அவர் முகத்துக்கு நேராக அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எல்லை அளக்க வருகிறார்கள் என்று தண்டோரா போட்ட வாரம் அவருக்குத் தூக்கம் போயிற்று. கல்லுக்குச் சிமெண்டு போட்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் சந்திரம்மா எந்தத் தாலுகாவில் அழுவாள்? அவள் ஒரு ராஜ்ஜியம், அவள் கிணறு வேறு ராஜ்ஜியம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "ஐயா, மன்னிச்ச பாவம் திரும்பி வருமா?"

"வராதுப்பா. அவர் மன்னிச்சா மன்னிச்சதுதான். எந்தப் பாவம்?"

எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். ஏசடியான் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். உபதேசியார் வற்புறுத்தவில்லை. தூரத்தில் உமாபதியின் கவலை மாடுகள் அவிழ்த்து விடப்பட்டிருந்தன. மாடு ஓட்டுகிறவன் வேறு யாரையோ பார்த்து நாக்கைத் தட்ட, நுகத்தடி இல்லாத மாடு இரண்டும் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன.

"பாத்தியா?" என்றார் உபதேசியார். "கழுத்துலேர்ந்து மேக்காலை எறக்கியாச்சு. மாட்டுக்குத்தான் இன்னும் தெரியல. மன்னிப்பு ஒரு நிமிஷத்துல கெடைச்சிரும்யா. விடுதலைங்கிறது இந்தச் சத்தத்துக்குக் கால் அசையாம நிக்குறது."

அவர் எதை மனதில் வைத்துச் சொன்னாரோ. ஏசடியானுக்குத் தன் கால்களைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இன்று காலையில், கிளம்பும்போது, கூழ்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாயா, துன்னாம குந்திகினு கீறே?" என்றாள் ரத்னம்மா.

அப்போதுதான் சொன்னார். பதினாறு வருஷமாகச் சொல்லாததை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"முழுக்கு எடுத்தப்போ எல்லாத்தையும் கழுவிட்டாங்கன்னு சொன்னியே."

"என்னைக் கழுவினாங்க. கல்லு அங்கயேதானே கீது? மன்னிப்பு என்னாண்ட வந்துட்ச்சு ரத்னா. கெணறு அந்தம்மாவாண்ட போகலியே."

"சொன்னா இந்த வேலை பூடும். மானிய நெலம் பூடும். வூடு கூட அந்த நெலத்துலதான் கீது. போலீசு வரும்."

"வரும்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். "அந்தக் கேவுற நான் மட்டும் துன்னாம இருந்தனா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து, மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து வந்து, அவருடைய தலையாரிக் கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அதையும் எடுத்துகினு போ."

அந்தக் கடப்பாரைதான் இப்போது மேட்டுக்காட்டில் அவர் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுய்யா," என்றார் கோவர்த்தனன். "கல்லு இதுதானா?"

அதே கேள்வி. பதினாறு வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே இரண்டு வார்த்தை. உமாபதி இடுப்பில் கை வைத்து, தன் வீட்டு மாடு வீடு திரும்புவதைப் பார்ப்பவர் போல நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊரிலிருந்தும் வேடிக்கை பார்க்க இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஓரத்தில், ஓடையிலிருந்து வந்த குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல், சந்திரம்மா நின்றாள்.

"இது இல்லீங்க," என்றார் ஏசடியான்.

குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். "இது பொய்க்கல்லுங்க. நான்தான் தள்ளி நட்டேன்."

உமாபதிதான் முதலில் சிரித்தார். "வெயிலு சார். பயபுள்ளைக்கு மண்டையில ஏறிட்ச்சு. டேய் ஏசடி, வாடா இங்க." நாக்கைத் தட்டினார்.

ஏசடியானின் பாதம் நகரவில்லை. கடப்பாரையை மண்ணில் குத்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சும்மா சொன்னா எழுத முடியாதுப்பா," என்றார் நாகபூஷணம். சிரிப்பு போய்விட்டிருந்தது. "ருஜுவு காவாலி. அத்தாட்சி ஏதாவது கீதா?"

"கீதுங்க. கல்லுக்கு வேர் கீது. ஊர் எல்லைக் கல்லு நடும்போது அடியில ஒரு கூடை அடுப்புக்கரி கொட்டித்தான் நடுவாங்க. கரி மக்காது. நான் கல்லைத்தான் பேத்து எடுத்தேன். கரிய எடுக்கல."

கோவர்த்தனனின் புருவம் உயர்ந்தது. "கேள்விப்பட்டிருக்கேன். பழைய சர்வேல அப்படி வழக்கம் உண்டு. காட்டு பார்க்கலாம்."

உமாபதியின் முகம் அப்போதுதான் வெளிறியது. அவருக்குக் கல் தெரியும். கரி தெரியாது.

ஏசடியான் விறுவிறுவென்று நடந்தார். அவருக்கு அடையாளம் ஒரு பனைமரம். பனைக்கு நேர் கிழக்கே மூன்று முழம். பனையை வெட்டி வெகுகாலம் ஆயிற்று, அடிக்கட்டை மட்டும் மண்ணோடு மண்ணாக இருந்தது. அளந்து நின்று கடப்பாரையை இறக்கினார்.

ஒரு சாண் தோண்டினார். செம்மண். ஒரு முழம் தோண்டினார். செம்மண், அதற்குக் கீழே சரளை. கரியில்லை. பக்கத்தில் தோண்டினார். மறுபக்கம் தோண்டினார். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கூட்டம் நெருங்கி வந்து குழியைச் சுற்றி நிழல் போட்டது.

"இன்னாடா ஆச்சு?" உமாபதிக்குக் குரல் திரும்பியிருந்தது. "கரிய உங்க ஏசு வந்து அள்ளிகினு பூட்டாரா?"

பலர் சிரித்தார்கள். கோவர்த்தனன் கடிகாரத்தைப் பார்த்தார். "இதோ பாருப்பா, மூணு மணிக்குச் சிமெண்டு வண்டி வந்துடும். இல்லேன்னா இருக்கிற கல்லையே வெச்சு முடிக்கவேண்டியதுதான். எங்களுக்கு வேற வழியில்லை."

ஏசடியான் குழிக்குள் மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். பொய் சொன்னபோது ஒரே விரல் போதுமாக இருந்தது. நிஜத்தைச் சொல்ல இரண்டு கையும் போதவில்லை. கர்த்தரே என்று வாய்க்குள் சொன்னார். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அங்கே பனைகள் இரண்டு நின்றது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எது அந்தப் பனை? தெரியவில்லை. தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான், அவரிடம் கேட்கத்தான் பதினாறு வருஷமாகப் பயந்திருந்தார்.

எழுந்து, சந்திரம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா. உன் கெணத்த நான்தான் புடுங்கிக் குடுத்தேன். உன்னப் பைத்தியம்னு ஊரு சொல்லச்சே நானும் சும்மாத்தான் நின்னேன். இப்ப இடம் தெரியலம்மா எனக்கு. உனக்குத் தெரியும். காட்டு."

சந்திரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் ஒரு துளி கிடையாது.

"தெரியாம எங்க போவும்?" என்றாள். "எம்மாம் வருசம் கத்தினேன். ஒர்த்தன் காது குடுத்தானா? அந்தக் கல்லுல சாஞ்சிகினுதான் அவுரு மத்தியானம் கூழு குடிப்பாரு. நானுதான் எட்த்தாந்து குடுப்பேன். இப்ப வந்து காட்டும்மான்றான்."

குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். நேரே கிணற்றுக்குப் போனாள். பதினாறு வருஷம் கழித்து அந்தக் கிணற்றின் முதல் படியில் கால் வைத்தாள். உமாபதி, "ஏய், எங்க போறே?" என்று அதட்டினார். "ஆகண்டி, நில்லுங்க சார்," என்று நாகபூஷணம் கையைக் குறுக்கே நீட்டினார்.

சந்திரம்மா படியிலிருந்து மேற்கே திரும்பி அடி அடியாக எட்டு வைத்து நடந்தாள். உரக்க எண்ணினாள். "அவுரு எட்டுக்கு ஒம்போது. என் எட்டுக்குப் பதிமூணு." பதிமூன்றாவது எட்டில் நின்று குதிகாலால் மண்ணை அழுத்தினாள். முதல் குழியிலிருந்து அது ஏழெட்டு அடி விலகி இருந்தது. அங்கே இன்னொரு பனையின் அடிக்கட்டை, கரையான் தின்று, எருக்கஞ்செடிக்குள் மறைந்திருந்தது.

"இங்க தோண்டு."

ஏசடியான் தோண்டினார். ஒரு சாண். ஒன்றுமில்லை. இன்னும் நாலு விரற்கடை. கடப்பாரை மொரமொரவென்று எதையோ நசுக்கியது. கையை விட்டு அள்ளினார்.

கருப்பு. நேற்று அடுப்பிலிருந்து எடுத்தது போலக் கன்னங்கரேல் என்று, ஒரு துணுக்குகூட மக்காமல், கைநிறைய.

கோவர்த்தனன் குடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். நாகபூஷணம் சங்கிலியைப் பிடிக்கச் சொன்னார். இழுத்தார்கள். இந்த முறை உதைக்கவில்லை. லிங்க்கு லிங்க் வரைபடத்தோடு ஒட்டியது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. உமாபதி சைக்கிளைத் தேடிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "இந்த வயசுல கம்பி எண்ணப் போறே, பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னார். நாக்கைத் தட்டவில்லை.

வாக்குமூலம் எழுத வேண்டியிருந்தது. எருக்கஞ்செடிப் பக்கம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த கோவர்த்தனன் பழைய காகிதக் கட்டைப் புரட்டினார். "நாற்பத்து நாலுல ஒரு வாக்குமூலம் இருக்கு. கல்லு இதுதான்னு கிருஷ்ணப்பான்னு ஒரு தலையாரி கைநாட்டு வெச்சிருக்கான். உன் பேரு என்ன சொன்னே?"

"ஏசடியான்."

கோவர்த்தனன் பேனாவை மூடினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷர். "பாருய்யா, பொய்ச் சாட்சின்னா வேலை மட்டும் போகாது, கேஸும் வரும். கிருஷ்ணப்பா இப்போ உயிரோட இல்லை, நீ வேற ஆளுன்னு எழுதிடறேன். கல்லுதான் கெடைச்சுப் போச்சே. யாருக்கு என்ன நஷ்டம்?"

ஏசடியானுக்கு முன்னால் தப்பிக்க ஒரு கதவு அகலத் திறந்திருந்தது. அதிலும் வேடிக்கை, அது அவரே ஜெபவீட்டில் சாட்சி சொன்ன வார்த்தை. பழைய கிருஷ்ணப்பா செத்துப்போனான், இப்போது இருப்பது புது மனுஷன் என்று எத்தனை முறை எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்! இங்கே சொன்னால் பொய் என்றும் சொல்ல முடியாது. வீடு மிஞ்சும். மானியம் மிஞ்சும். ரத்னம்மாவின் முகம் கண்முன் வந்தது. அவள் எடுத்து வைத்த கடப்பாரை மடியில் கிடந்தது.

"கிருஷ்ணப்பா செத்தது நெசந்தானுங்க," என்றார் மெதுவாக. "ஆனா செத்தவன் செஞ்சத உசிரோட இருக்கிறவன்தானே சொல்லணும்? ரெண்டு பேரையும் எழுதுங்க. பேருதான் மாறிச்சு. ரேகை மாறலீங்க."

கோவர்த்தனன் பேனாவைத் திறந்து, 'கிருஷ்ணப்பா என்கிற ஏசடியான்' என்று எழுதினார். மைப்பெட்டியை நீட்டும்போதுதான் பார்த்தார், பெருவிரல் ஏற்கெனவே கரியில் கருத்திருந்தது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, மை தடவி, பழைய ரேகைக்குப் பக்கத்தில் புதுசை வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சிமெண்டு வண்டி வந்தது. கல் கரி இருந்த இடத்தில் உட்கார்ந்தது.

ஏப்ரல் பிறப்பதற்குள் தலையாரி வேலை போயிற்று. மானிய நிலமும் அதில் இருந்த வீடும் போயின. சம்மன் வந்தது, இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார், ஒரு மாதம் உள்ளேயும் இருந்து வந்தார். அன்று வயிற்றில் இருந்த மகளை ஏற்கெனவே கட்டிக்கொடுத்தாகியிருந்தது. ஜெபவீட்டுப் பின்புறம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கூலிக்குப் போனார்கள். ஏசடியானுக்குக் கிணறு தூர் வாரும் வேலை கைவந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூப்பிட்டார்கள். வரப்புத் தகராறு என்றால், "கரிக்காரர இட்டாங்கய்யா," என்று ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து நின்றால் யாரும் பொய் சொல்லத் தயங்கினார்கள்.

ஒரு கோடையில் சந்திரம்மாவின் கிணற்றையும் தூர் வாரினார். அவள் கூப்பிடவில்லை, இவராகப் போய் இறங்கினார். கூலி கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. உண்மையில் எதைப் பற்றியுமே பேசவில்லை. மூன்றாம் நாள் நடுப்பகலில் சேற்றோடு மேலே ஏறி வந்தபோது, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சட்டி கூழும் மேலே ஒரு வெங்காயமும் இருந்தன. ஆள் இல்லை. ஏசடியான் கல்லில் சாயாமல், தள்ளி உட்கார்ந்து குடித்தார்.

அப்போது நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் நின்று அவரைப் பார்த்தார்கள். நாற்பது வயதிலேயே நரைத்துப்போன தலை, இடுப்பு வரை சேறு.

"பாவம், தலையாரி," என்றாள் ஒருத்தி. "எப்டி இருந்த மனுசன். வேலையும் பூட்ச்சு."

ஏசடியான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வேலை பூட்ச்சுதான் தாயி," என்றார். "பாவமும் பூட்ச்சு."